பட்டறைச் சாலையில் ஒரு சைக்கிள் பாதை

மெஹர்பானுவை ஓரிடத்தில் உட்கார வைக்க அவளைப் பெற்றவர்களாலும் முடியவில்லை, கட்டியவராலும் முடியவில்லை. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கிடங்கில் அட்டைகளில் முட்டை அடுக்குவது அவள் வேலை. டீ குடிக்க விட்டால்கூட டம்ளரும் கையுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

கிடங்குக்குப் போக லாரிப் பட்டறைச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. பாடி கட்ட வந்த லாரிகள் ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிளில் வருகிற பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில்தான் போக வேண்டும். கூட வேலை பார்க்கும் பொன்னாயியை ஒரு டிரெய்லர் உரசித் தள்ளி, அவள் கையில் மாவுக்கட்டோடு கிடந்தபோது மெஹர்பானுவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று அன்றைக்கு அலைய ஆரம்பித்தவள்தான். கலெக்டர் ஆபீஸ், வார்டுக் கூட்டம், பட்டறை பட்டறையாக மன்றாட்டு. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தாள். ஓட்ட ஆளில்லாமல் பாதை எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா?

ஒரு வழியாகப் பாதைக்குக் கோடு போட்டார்கள். ஆனால் சோதனைக்காகத்தான். "ஒரு ஆக்சிடென்ட் ஆனாலும் கோட்டை அழிச்சிடுவேன்" என்று சாலைப் பொறுப்பிலிருந்த இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடைசிவரை முரண்டு பிடித்தவர் பெரிய பட்டறைக்காரர் நாச்சிமுத்து. அவருடைய லாரிகள் நகராமல் பாதை நாலடிகூடப் போகாது. "ஏனுங்க அம்மணி, உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?" என்று அலுத்துக்கொள்வார். மெஹர்பானு விடவில்லை. பொன்னாயியையே கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தவர் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டார். மறுநாளே லாரிகளைப் பின்பக்கக் காலியிடத்துக்கு மாற்றிவிட்டார்.

திறப்பு நாள் காலையில் இன்ஜினியர் ஜீப் வருவதற்கு முன்பே, சலவை வேட்டி கட்டி, கையில் பெரிய பூசணிக்காயோடு நாச்சிமுத்து வந்துவிட்டார். அவர் பட்டறையிலிருந்து எந்த லாரியும் திருஷ்டி கழிக்காமல் கிளம்பியதில்லை.

"நல்ல காரியமுங்க அம்மணி, கண்ணுபடும். பாதைக்கும் ஒண்ணு சுத்திப் போட்டுறலாம்."

பூசணிச் சதையில் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று மெஹர்பானுவுக்குத் தெரியாதா? வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனுஷன் இறங்கி வந்ததே பெரிது. அதிலும், துலுக்க வீட்டுப் பெண் சடங்கைத் தடுத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால்?

"உடைங்கண்ணா" என்றாள்.

சூடம் ஏற்றிச் சுற்றி, பாதையின் நடுவிலேயே போட்டு உடைத்தார். பட்டறை ஆட்கள் பெரிய துண்டுகளை ஓரமாகத் தள்ளினார்கள். சதையும் விதையும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

இன்ஜினியர் வந்து இறங்கிய வேகத்தில் கொடியசைத்தார். தான் முன்னால் போனால் மற்றவர்களை விலக்கிக் கூட்டிப்போகலாம் என்று மெஹர்பானு முதலில் மிதித்தாள். பூசணி கிடந்த இடத்தைத் தாண்டியும் விட்டாள். ஆனால் டயரில் அப்பியிருந்த சதை விடவில்லை. அடுத்த வளைவில் சக்கரம் சறுக்க, சைக்கிளோடு விழுந்தாள். முழங்கை உரிந்து எரிந்தது.

இன்ஜினியர் ஓடி வந்தார். "எதுலம்மா சறுக்குச்சு? ரோடு சரியில்லையா?"

பின்னாலேயே வந்த நாச்சிமுத்துவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மெஹர்பானு முந்திக்கொண்டாள்.

"ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க சார். எனக்குத்தான் இன்னும் சரியா ஓட்டத் தெரியலைங்க."

"சரியாப் போச்சு. முதல்ல ஓட்டப் பழகுங்கம்மா, அப்புறம் பாதை கேக்கலாம்."

அவர் சிரித்தார். சுற்றி நின்ற ஆண்களும் சிரித்தார்கள். அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. மெஹர்பானுவுக்கு அவமானத்தில் காது சுட்டது. சிரிப்பு அடங்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

ஜீப் கிளம்பியதும் நாச்சிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்துக் குனிந்து சாலையைத் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் கலைந்ததும், கையில் கட்டுப் பிரித்திருந்த பொன்னாயி அருகில் வந்தாள்.

"ஏன் பானு அப்படிச் சொன்னே? இத்தனை பேருக்கு நீதான கத்துக்குடுத்தே?"

"பின்ன என்ன, மறுபடியும் நடுரோட்டுல போறியா?" என்று எரிந்து விழுந்தாள் மெஹர்பானு.

பொன்னாயி கோட்டுக்கு உள்ளே சைக்கிளை நிறுத்தி ஏறி, கிடங்கைப் பார்த்து மிதித்தாள்.