ஏரி வளைவில் கழன்ற செயின்

அக்காவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வேகம் கூடக் கூடக் கம்பிகள் கரைந்து, சக்கரம் வெறும் வெளிச்சமாகிவிடும். அந்த வெளிச்சத்தின் வழியாக, மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் பழைய சைக்கிள் தெரிந்தது. வீட்டுக்கு ஸ்கூட்டர் வந்ததிலிருந்து அதை யாரும் தொடுவதில்லை. அதன் செயினைக் கழற்றி, அக்காவின் அறுந்த செயினுக்குப் பதிலாகப் போட்டால் என்ன?

அக்கா அப்போது பிளஸ் டூ. தினமும் செம்பாக்கத்திலிருந்து சேலையூருக்கு டியூஷன் போயாக வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் டியூஷனே வேண்டாம் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, அக்காவின் என்ஜினியரிங் கனவு முழுக்க என் ஸ்க்ரூடிரைவர் முனையில் நின்றது.

செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, பல்சக்கரத்தில் ஏற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து லாக்கை அழுத்தினேன். லாக் என்பது நகமளவு தகடு; ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். பெடலைச் சுற்றியதும் ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். தூக்கத்திலும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை, டியூஷனிலிருந்து அக்கா திரும்பும் வழியில் ஏரிக்கரையில் போய் நின்றேன். தண்ணீரில் வானம் அசையாமல் கிடந்தது. அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். செயின் ஹேண்டில்பாரில் தொங்கியது. டியூஷனில் கூடப் படிக்கும் கண்ணாடி போட்ட அண்ணனும் பக்கத்தில் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் செயினும் பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு சைக்கிள்களும் எந்த அவசரமும் இல்லாமல், மிதப்பதுபோல் வந்தன.

"வளைவுல லாக் கழண்டுடுச்சுடா," என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை.

புது லாக் மாட்டினேன். அதுவும் அதே வளைவில் கழன்றது. அடுத்ததும் அப்படியே. அம்மாவின் முகம் நாளுக்கு நாள் கடுகடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை, புதுச் செல்போனை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து மாமா வந்தார். செயினை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னடா மெக்கானிக்கு, லாக்கத் திருப்பி மாட்டி வச்சிருக்க? மூடுன பக்கம்தான் முன்னாடி பாத்து ஓடணும். இப்படிப் போட்டா எதுலயாவது உரசித் தெறிச்சிடும். உன்கிட்ட வண்டியக் குடுத்தா பேஜாருதான்."

"சும்மா இருங்க மாமா, அவன் நல்லாத்தான் போடுறான்," என்று அக்கா எனக்காகப் பரிந்து பேசினாள். அப்பேர்ப்பட்ட அக்காவுக்காக அந்த நிமிடமே லாக்கைச் சரியாகத் திருப்பி மாட்டினேன்.

திங்கட்கிழமை செயின் கழலவில்லை. வெயில் முழுதாக இறங்கும் முன்பே அக்கா ஏரிக்கரையில் என் முன்னால் வந்து பிரேக் பிடித்தாள்.

"கழலலையா?"

"இல்லடா."

"சூப்பரா ஓடுதா?"

"ம்... ஓடுது."

செயினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன்.

தூரத்தில், வளைவில், அந்த அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி மிதிக்கவில்லை. பாவம், அவருக்கு என்னைப்போல் ஒரு தம்பி இல்லை போலும். நாளைக்கு ஸ்க்ரூடிரைவரோடு சீக்கிரமே வந்து அவர் செயினையும் சரிசெய்துவிட்டால், இரண்டு பேருமே நடக்காமல் வேகமாக வீடு போய்ச் சேரலாம் என்று முடிவெடுத்தேன்.