தியேட்டர் சுவரில் அக்காவின் கண்கள்

என் அக்கா வீட்டுக்காரர் சினிமாவுக்குப் போஸ்டர் செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயரே போஸ்டர் மாமாதான். மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று திடீரென்று கத்துவார்; நாம் அலறுகிற நேரம் பார்த்துக் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். கேட்டால், "நடிக்கிற பயம் வேற, நிஜப் பயம் வேற. பாத்து வெச்சுக்கணும்ல?" என்பார். என்னை ஏழெட்டுத் தடவை எடுத்திருக்கிறார். ஒன்றிலாவது என் முகம் பார்க்கும்படி இருக்கக்கூடாதா? அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆனால் அக்காவிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லிவிட முடியாது. இரண்டு வருடம் முன்னால் எங்கள் அண்ணன் விபத்தில் இறந்துபோனதாக அவளுக்குத்தான் முதலில் போன் வந்தது. அந்தக் கதையை எடுத்து வாயை அடைத்துவிடுவாள். "நான் கீழ விழறதுக்குள்ள ஓடி வந்து தாங்கிட்டாருடி. எங்கிருந்துதான் வந்தாரோ! அதுக்கப்புறம் அவரு என்ன செஞ்சாலும் எனக்குக் கோவமே வர்றதில்ல." அவளுடைய குடித்தனமே அந்த ஒரு நாளின் மேல்தான் நின்றது.

போன மாதம் மாமாவுக்கு ஒரு பேய்ப்படம் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்க ஒரு முகமும் ஒரு வார்த்தையும் போதும் என்பது அவர் கணக்கு. செய்த போஸ்டரை ஸ்டுடியோ வராந்தாவின் ஒரு கோடியில் ஒட்டிவிட்டு, மறுகோடியில் நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். அப்போதும் முகம் தெரிந்தால்தான் தேறியது. இந்தப் படத்தின் கதாநாயகியோ எந்தப் புகைப்படத்திலும் தேறவில்லை. "பேயப் பாத்த மாதிரி எங்க இருக்கு? பஸ்ஸ விட்ட மாதிரி இருக்கு" என்று சாப்பாட்டில் கைவைக்காமல் புலம்பினார். பிறகு ஒரு நாள் திடீரென்று சிரித்த முகமாக வந்தார். முடிந்துவிட்டதாம். எங்களுக்குக் காட்டவில்லை.

நானும் அக்காவும் துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் அதைப் பார்த்தோம். தியேட்டர் சுவர் முழுக்க ஒரே முகம். வாயை ஒரு கை மூடியிருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள். நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"சூப்பரா பண்ணியிருக்காருக்கா" என்றேன்.

அக்கா தன் இடது புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அண்ணன் ஊஞ்சலை வேகமாகத் தள்ளிவிட்டதில் அங்கே ஒரு வெட்டு உண்டு. அந்த இடத்தில் முடி முளைக்காது. சுவரில் இருந்த புருவத்திலும் அதே வெட்டு.

"இது நான்டி" என்றாள்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனோம். மாமா கேக் வெட்டிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அனுப்பியதாம். அக்காவைப் பார்த்ததும் கத்தி கையிலேயே நின்றது.

"அந்தப் படத்த முழுசாக் காட்டுங்க."

"அது எதுக்கு இப்போ..."

"காட்டுங்கங்க."

கம்ப்யூட்டரில், முகத்தின் மேல் ஒட்டியிருந்த கதாநாயகியின் கையை நீக்கினார். தலைப்பை நீக்கினார். கடைசியில் எங்கள் அக்கா வீட்டுச் சமையலறை வந்தது. காதில் போனோடு அக்கா நின்றாள். அவள் கையிலிருந்து நழுவிய டம்ளர் இன்னும் தரையைத் தொடவில்லை. அது எந்த நாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் இல்லை என்பதைக் கேட்ட முகம் அது.

"கதவுக்குப் பின்னாடியா நின்னீங்க?" என்றாள் அக்கா.

"சும்மா விளையாட்டுக்குத்தான் நின்னேன். போன் வரும்னு எனக்கென்ன தெரியும்? கை தன்னால அழுத்திடுச்சு. உடனே கேமராவ வெச்சுட்டு ஓடி வந்தேன்ல?"

"கேமராவ வெச்சுட்டு" என்றாள் அவள். பிறகு கேட்டாள்: "சரி, தெரியாம எடுத்துட்டீங்க. அப்புறமாவது அழிச்சிருக்கலாமே?"

மாமா பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அக்கா நம்பியிருப்பாள். ஆனால் அந்த மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எப்படி அழிக்கிறது? இந்த மாதிரி ஒரு முகம் எனக்கு அதுக்கு முன்னாடியும் கிடைக்கல, பின்னாடியும் கிடைக்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அக்கா துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்டுடியோவின் மாடிப்படி செங்குத்தானது. முதல் படியிலேயே அவளுக்குக் கால் தடுமாறியது. பின்னாலேயே ஓடி வந்த மாமா பதறிப்போய்த் தாங்கக் கை நீட்டினார். அக்கா அவர் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள்.