கோடு ஓடிய கிரானைட்டை நான் விற்ற கதை

கூழாங்கல்கூடக் கிடைக்காத வண்டல் மண்ணில் கிரானைட் கடை வைப்பவனுக்கு நல்ல வாயும் நிறையப் பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டாவது கிடையாது.

உடனே தலையாட்டிய குவாரிக்காரர்

என்னைப்போல் பேரம் பேசிப் பிழைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்ட விலைக்கு எதிராளி உடனே தலையாட்டினால் எழுந்து ஓடிவிடுங்கள். நான் ஓடவில்லை. அந்தக் குவாரிக்காரரிடம் ஒரு லாரி இளஞ்சிவப்பு ஸ்லாப்பை மொத்தமாக எடுத்தேன். தஞ்சாவூர்க் கடையில் இறக்கித் துடைத்தால் ஒவ்வொன்றிலும் கோடு கோடாக ஓடுகிறது. கைமுதல் முழுக்க அதில்தான். விற்காவிட்டால் கடையை மூட வேண்டும்.

முதலில் வந்தவர் கீழ்வேளூர் விவசாயி, புது வீட்டுத் தரைக்காக. கோட்டில் நகத்தை விட்டுப் பார்த்தார். “விரிசல் இல்லைங்க, டிசைன்” என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் நிதானமாக நிமிர்ந்தார்.

“தண்ணி வராத வருஷம் எங்க வயலும் இப்படித்தான் டிசைன் போடும் தம்பி.”

லென்ஸோடு வந்த ஆசிரியை

அடுத்த வாரம், கல்லூரியில் ஜியாலஜி நடத்தும் ஓர் அம்மா சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்து, ஸ்லாப்பின் மேல் படுக்காத குறையாகப் பார்த்தார். “பூமிக்கு அடியில ரெண்டு பெரிய நிலத்துண்டு ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நகர்ந்த இடம்ங்க. ஷியர் ஜோன்னு சொல்லுவோம். அந்த வழியா உருகின பாறை மேல வரும். அது இறுகி முடியறவரைக்கும் நிலம் இழுத்துக்கிட்டே இருந்ததால கல்லுல இருக்கிற மணியெல்லாம் ஒரே பக்கமா நீண்டு கோடாத் தெரியுது. விரிசலே இல்ல.” பொட்டாசியம் தூக்கலாக இருப்பதால்தான் இந்தச் சிவப்பாம், பொடித்துச் சோதித்தால் எந்தப் பாறை உருகி இது பிறந்தது என்று ஜாதகமே எழுதலாமாம். நான் டீ சொல்லிவிட்டு அளவு டேப்பை எடுத்தேன்.

“அருமையான கல்லுங்க. ஆனா மேடைக்கு எனக்குக் கறுப்புதான் வேணும்.”

வரப்புத் தகராறு

கீழ்வேளூர்க்காரர் மனைவியோடு திரும்பி வந்தார்; மற்ற கடைகளில் விலை படியவில்லை. நான் பாடத்தை ஒப்பித்தேன். இரண்டு நிலம் உரசிய இடம் என்றதுமே முகம் மாறியது. அவருக்கும் அவர் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டில் கிடக்கிறதாம். “தகராறு புடிச்ச கல்ல வீட்டுக்குள்ள போடச் சொல்றீங்களா?” என்று வாசலைப் பார்த்து நடந்தார். எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கேட்டார்: “அது எப்ப நடந்ததுங்க?”

“கோடிக்கணக்கான வருஷம் ஆச்சும்மா. எல்லாம் ஓய்ஞ்சு இறுகிக் கல்லாயிடுச்சு” என்றேன்.

அவர் கணவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இது முடிஞ்ச தகராறுங்க, நம்மளதுதான் இன்னும் நடக்குது. இதையே போடுவோம்.”

பாதி லாரிக் கல் கீழ்வேளூர் போய்விட்டது. பாறையை உருக்கப் பூமியின் சூடு போதும் போலிருக்கிறது, என் சூட்டுக்கு இதுவரை ஒரு வாடிக்கையாளரும் இளகியதில்லை.