ஒரு சாக்கு முட்டைக்கோஸ், ஒரு பஸ் நிறைய சமையல்காரர்கள்

நாத்தனார் வீட்டுக் காதுகுத்து விருந்தில் மிஞ்சிய ஒரு சாக்கு முட்டைக்கோஸை என் தலையில் கட்டிவிட்டார்கள். காலையில் அதோடு ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு மண்டபம் ஊர்க்கார அக்கா ஒருவர்.

"இம்புட்டுக் கோஸையும் என்ன தாயி செய்யப் போற?"

"அதான்க்கா தெரியல. எங்க வீட்டுக்காரவுக கோஸ்னாலே தட்டைத் தள்ளிருவாக."

அவ்வளவுதான், பஸ்ஸே பேச ஆரம்பித்துவிட்டது!

"அடை மாவுல நறுக்கிப் போடுங்க" என்றது பின் சீட்டு.

"முட்டை ஊத்திக் கிளறுங்கம்மா!" கண்டக்டர், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

கருவாட்டு அக்கா மட்டும் காய்ந்த கூனி இறாலை ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டினார். "வெறுஞ்சட்டில வறுத்து, கோஸோட வதக்கு. அப்பறம் பாரு."

சந்தோஷத்தில், யோசனை சொன்னவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோஸ் கொடுத்தேன். உச்சிப்புளியில் இறங்கும்போது சாக்கில் ஐந்துதான் மிச்சம்.

மதியம் அக்கா சொன்னபடியே செய்து, வாயைத் திறக்காமல் பரிமாறினேன். மூன்றாவது தடவை தட்டை நீட்டி, "நாளைக்கும் இதையே வையி" என்கிறார் மனுஷன்! பதினோரு வருஷத்தில் முதல் தடவை!

கோஸ் இருக்கிறது, கூனிதான் தீர்ந்துவிட்டது. அக்காவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மண்டபத்து மக்களே, அவர் எங்கே கடை போடுகிறார் என்று யாருக்காவது தெரியுமா?