சனிக்கிழமை வரை சாகமாட்டேன்

கிகுனோ சாகப் போகிறாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். என்றைக்கு என்பதுதான் எல்லோருடைய நெஞ்சையும் அடைத்த கேள்வி. சனிக்கிழமைக்கு முன்னால் அவள் கண்ணை மூடிவிட்டால், தம்பி மனைவி ரியேகோவின் இருபது வருட ஏக்கமும் அவளோடு போய்விடும். ஒரு மனுஷியின் சாவுக்கு இப்படி நாள் பார்க்கலாமா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நாங்களும் சுளித்தோம். ஆனாலும் பார்த்தோம். முதலில் நாள் பார்த்தவளே கிகுனோதான்.

இசே நகரத்தில் பெரிய கோயிலுக்குப் போகும் தெருவில், என் கருவாட்டுக் கடைக்கு அடுத்தது அவர்களுடைய உடான் கடை. அடுப்படியில் தம்பி மோரியோ. பரிமாறுவது ரியேகோ. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட கிகுனோ அக்கா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கடையோடு சேர்த்துத் தெருவையும் ஆள்வாள்.

எங்கள் ஊர் உடான், சுண்டுவிரல் பருமனுள்ள கோதுமை இழை. ஒரு மணி நேரம் வேகவைத்து, அடியில் கொஞ்சம் கறுத்த சாறும் மேலே நறுக்கிய வெங்காயத்தாளும் போட்டால் தீர்ந்தது. நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும். கடித்துச் சாப்பிடுகிற உடானுக்குப் பேர்போன தகமாட்சுவிலிருந்து ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார்.

"என்னம்மா இது, கொழகொழன்னு? பல்லு போனவங்களுக்குப் பண்ணதா?"

"அந்தக் காலத்துல ஜனங்க மாசக்கணக்கா நடந்து சாமி பாக்க வந்தாங்க ஐயா," என்றாள் கிகுனோ. "காலு ஓஞ்சு வந்தவன் வாயையும் வேலை வாங்கணுமா? ரயில்ல வந்து எறங்குன உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

வெளியாரிடம் பூப்போல இருக்கும் அந்த நாக்கு ரியேகோவிடம் மட்டும் அரிவாள். சாறு கரித்தாலும், தட்டு உடைந்தாலும், மழை பெய்தாலும் கிகுனோ ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "உள்ள போய்ட்டு வந்தவங்களுக்குத்தான் தெரியும்."

அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று எங்களுக்குத் தெரியும். சாமியின் வீட்டை இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறோம். சாமி குடிபோவதற்கு முன்னால் வரும் கோடையில், ஊர் ஜனங்கள் ஆளுக்கொரு வெள்ளைக் கல்லை ஏந்திப்போய் அந்த முற்றத்தில் வைக்கலாம். எங்களுக்கு வாய்ப்பது அந்த ஒரு நடைதான். சாமி உள்ளே வந்துவிட்டால் நாலு வேலிக்கு வெளியே நின்று கும்பிட வேண்டியதுதான். கூரை நுனி கண்ணில் பட்டாலே பாக்கியம்.

போன முறை ரியேகோ புதுப்பெண். ஒவாசே கடற்கரையிலிருந்து வாழ வந்தவள். மியாகவா ஆற்றில் இறங்கித் தன் கையாலேயே கல் பொறுக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அந்த வாரம் பார்த்துத்தானா அவள் அப்பாவைக் கடல் விழுங்க வேண்டும்? சாவுத் தீட்டு எங்களுக்கும் உண்டு. ஐம்பது நாள் கோயிலின் வாசல் வளைவைத் தாண்டக் கூடாது. நாங்கள் எல்லோரும் கல்லோடு கோயிலுக்கு முன்னாலிருக்கும் உஜி பாலத்தைக் கடந்து போனோம். அந்தப் பெண் இந்தக் கரையில் நின்று, சத்தம் வெளியே வராமல் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதாள். திரும்பி வந்த கிகுனோ அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த வார்த்தை.

இந்தக் கோடையில் மறுபடி கல் வைக்கும் முறை வந்தது, எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை. அதற்குள் கிகுனோவின் இதயம் மக்கர் செய்தது. எந்த நாளும் நடக்கலாம் என்று டாக்டர் கைவிரித்தார். அவள் அடம்பிடித்து வீட்டுக்கு வந்து, கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் படுத்துக்கொண்டாள். தெருக்குழுத் தலைவர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, ரியேகோவிடம் மெல்லிய குரலில் இழுத்தார். "அது வந்து... கல் வைக்கிறவங்க பட்டியல்ல உன் பேரை வச்சுக்கறதா, இல்ல வேற யாரையாவது..."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "காது நல்லாத்தான் கேக்குது! அவ பேருல யாரும் கை வைக்காதீங்க. சனிக்கிழமை வரை நான் சாகமாட்டேன்!"

தலைவர் தொப்பியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஓடினார்.

"ஏங்க்கா இப்படியெல்லாம் பேசுறீங்க?" என்று ரியேகோ அழுதாள்.

"வேற எப்படிடி பேசறது? வெள்ளிக்கிழமை போய்ச் சேந்தேன்னா இன்னும் இருபது வருஷம் என்னைத் திட்டிக்கிட்டே இருப்ப. செத்தும் உன் வாயில விழணுமா நான்?"

அடுத்து நடந்ததை ரியேகோ என்னிடம் சொன்னது, கிகுனோ போய் வெகு நாட்கள் கழித்து.

வியாழக்கிழமை மத்தியானம். வழக்கத்தைவிட அதிகமாக வேகவைத்த உடானை ரியேகோ ஊட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு இழை உள்ளே போனதும் கிகுனோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் எதையும் பாக்கலடி."

"எதைக்கா?"

"போன தடவை. உள்ள. வாசலைத் தாண்டினதும் ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. நிமிர்ந்து பாக்க தைரியம் வரல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயி, கல்ல வச்சு, குனிஞ்சுக்கிட்டே வெளிய வந்துட்டேன். என் செருப்பும் மத்தவங்க வச்ச கல்லும்தான் பாத்தேன். அவ்வளவுதான்."

ரியேகோவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது.

"அப்புறம் ஏங்க்கா இருபது வருஷமா..."

"வேற எப்படி மறைக்கிறது? தெருவே உள்ள எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச்சு. அப்படிச் சொன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்கன்னு சொன்னேன். பழகிப்போச்சு. இப்ப யார்கிட்டயாவது கேட்டா மானம் போயிரும்." அவள் மூச்சு இரைத்தது. "நீ பாத்துட்டு வந்து சொல்லு. தலையைக் குனிஞ்ச, அப்புறம் இருக்கு உனக்கு."

எத்தனை இரவு அந்தப் பெண் நாத்தனாரை நினைத்துக் கொதித்திருப்பாள்! அத்தனை கொதிப்பும் அந்த ஒரு நொடியில் அடங்கிப்போனது. சிந்திய சாற்றைத் துடைத்துவிட்டு, அடுத்த இழையை ஊட்டினாள்.

சனிக்கிழமை விடிந்தபோது கிகுனோவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. ரியேகோ தெருவின் பெயர் பொறித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இவ இன்னும் போகலையா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் கிகுனோ.

"நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு," என்றான் மோரியோ.

வெள்ளைக் கல் நிரப்பிய பீப்பாய்கள் ஏற்றிய வண்டியை ரெண்டு வெள்ளைக் கயிற்றில் தெருவே சேர்ந்து இழுத்தது. "என்யா! என்யா!" என்ற சத்தத்தில் கூரைகள் அதிர்ந்தன. ரியேகோ எனக்கு முன்னால் கயிறு பிடித்திருந்தாள். வாய் எல்லோரோடும் சேர்ந்து கூவினாலும், அவள் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். கடைப் பக்கமிருந்து யாராவது ஓடிவருகிறார்களா? ஓடிவந்தால் அத்தோடு முடிந்தது. கயிற்றை விட்டுவிட்டு மறுபடி இந்தக் கரையிலேயே நிற்க வேண்டும்.

யாரும் வரவில்லை. உஜி பாலத்தருகே வண்டி நின்றது. ஆளுக்கொரு கல்லை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டோம். பாலத்தைத் தாண்டியதும் கூவல் தானாக அடங்கிவிட்டது. ஆயிரம் பேர் நடக்கிறோம். காலடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும். ஆகாயத்தைத் தொடும் தேவதாரு மரங்களுக்கு நடுவில் வியர்வைகூடக் குளிர்ந்துபோனது.

எனக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை அப்பாவின் தோளில் போனேன். அந்த வாசலைத் தாண்டும்போது முதலில் வருவது மணம். புதிதாக அறுத்த ஹினோகி மரத்தின் மணம் மூச்சோடு நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே இருக்கும் குப்பையையெல்லாம் ஒதுக்கிவிடும். கேமரா கூடாது. நின்று பார்க்கவும் முடியாது, பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். கண் எவ்வளவு அள்ளுகிறதோ அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் ரியேகோவின் கழுத்து வளைவதைப் பார்த்தேன். யாருக்கும் வளையும். சாமி இன்னும் வராத வீடு, ஆனாலும் யாரோ வரப்போகிறார்கள் என்று மரமும் மண்ணும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்போது மனுஷத் தலை எப்படி நிமிரும்? அவள் குனிந்து கல்லை வைத்தாள். எழுந்தவள், யாரோ தாடையைப் பிடித்துத் தூக்கியதுபோல முகத்தை நிமிர்த்தினாள். தோள் குலுங்கியது. கண்ணீர் காது வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. இமைக்கவும் இல்லை. வெளிவாசல் வரைக்கும் அப்படியே நிமிர்ந்தே நடந்தாள்.

பாலத்தைக் கடந்ததும் ஓட ஆரம்பித்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். கடை வாசலில் மோரியோ துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். ரியேகோவின் கால்கள் அங்கேயே வேர்பிடித்துவிட்டன.

"என்னங்க..."

அவன் துண்டை எடுத்தான். "மூச்சு இருக்கு. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக் கேட்டு என்னைக் கொன்னுட்டா. போ, சீக்கிரம் போ."

அறைக்குள் ஓடினாள். நான் வாசற்படியில் தயங்கினேன்.

"கதவைச் சாத்து," என்று முனகினாள் கிகுனோ. "கருவாட்டுக்காரன் நிக்கறான்."

காகிதக் கதவு சாத்தப்பட்டது. முழுசாக இல்லை. நல்ல மனுஷனாக இருந்தால் நான் விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ரியேகோ அவள் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"அக்கா... எங்கயும் சாயம் இல்ல. வெறும் மரம். ஆனா பொன்னுக்கா. வெயில் பட்டு எல்லாமே பொன்னு."

"தூண்?"

"கல்லு மேல நிக்கல. நேரா மண்ணுலயே நட்டிருக்கு. மரம் மறுபடி மொளைச்சு வந்த மாதிரி."

"படிக்கட்டு இருக்கா?"

"இருக்குக்கா. மேல சுத்திலும் கைப்பிடி. அதுல உருண்டை உருண்டையா வச்சிருக்காங்க. பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. கிட்டத்துல பாத்தேன்."

கிகுனோவின் மூடிய இமைகள் துடித்தன. எலும்பும் தோலுமான விரல்கள் ரியேகோவின் மேலங்கியைப் பற்றிக்கொண்டன.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கூரைக்கா. ஆள் ஒசரத்துக்குக் கனமான புல்லுக் கூரை. அதுக்கும் மேல உத்தரம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு ஆகாசத்துக்குள்ள போயிருது. நுனியில தங்கத் தகடு. அதைப் பாத்தப்போ எனக்குக் கண்ணு கூசிச்சு. ஆனாலும் குனியல."

நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். ரெண்டு நாளாகத் தலையணையில் கல்லாகக் கிடந்த அந்தத் தலை அசைந்தது. கழுத்து நரம்புகள் புடைக்க, கிகுனோவின் தாடை கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. ரியேகோ பிடரியில் கைகொடுத்துத் தாங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் மேலக்கா," என்றாள். "அங்கதான் வெயில் படுது."