கல்யாணக் கவுனில் ஒரு நீல முடிச்சு

பழைய உடுப்பை வெட்டிப் புதிது தைக்கிற தொழிலில் கத்தரிக்கோலைவிட வாய்தான் அதிகம் தேய்கிறது, வருகிற எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: "இத முதல்ல உடுத்தது யாரு?" பாலாவியில் வீட்டு முன்னறையில் மெசின் போட்டிருக்கும் எனக்கு அது எப்படித் தெரியும்? வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து சந்தையில் கொட்டுகிற உடுப்பு. வீட்டில் தைத்து முதுகு நோகும் சகோதரிகளே, உங்களையும் இந்தக் கேள்வி விட்டிருக்காது. என் விசயத்தில் அது ஒரு கத்தோலிக்கப் பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும்போது உடுக்கும் முதல் நன்மைக் கவுனையே பறிக்கப் பார்த்தது.

பொக்கெட் சோதனை

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியில் எனக்கும் ஆசை உண்டு. எந்த உடுப்பையும் வெட்டுமுன் பொக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். பஸ் டிக்கட், காய்ந்த இலை, விளங்காத எழுத்தில் சாமான் பட்டியல் எழுதிய ஒரு துண்டு என்று கிடைத்ததெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கிறது. உப்பு லொறி ஓட்டும் என் கணவர் ஒருநாள் அந்தத் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ தைக்கிறியா, சீஐடி வேல பாக்கிறியா?"

யானைக்குப் பிடிக்காத கோட்

எலுவன்குளத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயல் காவலுக்குப் பனிக்கோட் ஒன்றைச் சிறிதாக்கித் தரவேண்டும். இருந்தது சிவப்பு; வயலுக்கு வரும் யானை அந்த நிறத்தில் மிரளுமாம். உள்துணி கறுப்பு என்பதால் உள்ளே இருந்ததை வெளியே திருப்பித் தைத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். அளவு சரி. பிறகு கோட்டின் கையை மூக்கில் வைத்து நெடுநேரம் மோந்து பார்த்தார். மூட்டை உடுப்பின் மருந்து வாடை உங்களுக்குத் தெரியும்தானே. கழற்றி என்னிடமே நீட்டினார்.

"இன்னும் மூணு தரம் தோச்சுத் தாங்க தங்கச்சி. எங்கட யானைக்கு வெளிநாட்டு மணம் பழக்கமில்ல."

ஸ்டெலா அக்கா கண்ட முடிச்சு

ஸ்டெலா அக்கா மாம்புரியில் கருவாடு போடுகிறவர். போன வருசம் வெள்ளைக் கவுன் இல்லாததால் மகள் ஷெரினை முதல் நன்மைக்கு அனுப்பவில்லை. இந்த வருசமும் நிறுத்த மனமில்லாமல் என்னிடம் கூட்டி வந்தார். என்னிடம் மூட்டையில் வந்த கல்யாணக் கவுன் ஒன்று இருந்தது. அதன் வால் முன்னறையில் தொடங்கிக் குசினிவரை போகும். அந்த வாலிலேயே பிள்ளைக்கு ஒரு கவுன் வெட்டலாம்.

கீழ் மடிப்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு நீலப் பட்டு நாடா, முடிச்சுப் போட்டு, வெளியே தெரியாமல் தைத்திருந்தது. புதையல் கண்டமாதிரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் செய்த மடத்தனம் அதுதான். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் நாடாவிலிருந்து கையை எடுத்தேன். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் முடிச்சென்றால் ஓதி ஊதாமல் தொடமாட்டோம். ஷெரின் துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள். அக்கா அந்தக் கையை விடுவித்தார்.

"முடிச்சுப் போட்டு ஒளிச்சு வைக்கிறது நல்லதுக்கில்ல ரிஸ்னா. என்ட பிள்ளைக்கு இது வேணாம்."

இத்தாலியிலிருந்து ஒரு பதில்

எனக்கு மனம் ஆறவில்லை. பிள்ளைக்காகப் பாதி, அந்த முடிச்சு என்னவென்று அறியப் பாதி. அடுத்த நாளே நாடாவை எடுத்துக்கொண்டு மாம்புரிக்கு பஸ் ஏறினேன். ஸ்டெலா அக்காவின் தங்கை இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறார். நாடாவைப் படம் எடுத்துப் போனில் அவருக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவரே சிரித்துக்கொண்டு அழைத்தார். அங்கே மணப்பெண்கள் நல்லது நடக்கவேண்டும் என்று உடுப்பில் நீலமாக ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வார்களாம். அவர் வேலை செய்யும் வீட்டு மகளும் அப்படித்தான் வைத்தாளாம்.

அக்கா போனை வைத்தார். "நல்லது நடந்திருந்தா அவ ஏன் கவுனக் குடுத்தா?" என்று என்னைக் கேட்டார். சீஐடி நாடாவைத் திரும்பப் பைக்குள் போட்டாள். இந்த வருசமும் போயிற்று என்றே நினைத்தேன். கருவாட்டுப் பாயின் ஓரத்தில் இருந்த ஷெரின்தான் வாய் திறந்தாள்.

"எனக்குத் தரத்தான் அம்மா."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஷெரின் முதல் நன்மை எடுத்தாள், அவள் கேட்டபடியே கவுனின் உள்மடிப்பில் அந்த நீல முடிச்சோடு. இப்போது யாராவது இதை முதலில் உடுத்தது யார் என்று கேட்டால், உங்களுக்குத் தரவென்றே வாங்கி உடுத்திய ஒருத்தி என்று கொஞ்சமும் வாய் கூசாமல் சொல்லிவிட்டு மெசினை மிதிக்கிறேன்.