ஈரலுக்குள் கண்ட கணையம்

காப்பார் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் வெட்டிய ஒருவர், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து மாட்டு வண்டியில் வந்து, எங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இறந்தார். "நான் குடுத்த கீழாநெல்லிதான் ஈரலக் கெடுத்துடுச்சாண்ணே?" என்று அவர் மனைவி கேட்டார். ஆய்வுக்கூட ஊழியனான நான், பரிசோதித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

பிரேதப் பரிசோதனையில் அறுத்தெடுத்த ஈரல் கட்டியைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தெரிந்தவை கணையத்தின் செல்கள். கண்ணாடித் துண்டு மாறிவிட்டதோ என்று மறுபடியும் சீவினேன். ஓரத்தில் ஈரல், நடுவில் அதே கணையம்.

"மாறல," என்றார், அதைப் பார்த்த டாக்டர். "கணையத்துல பொறந்த அபூர்வமான புத்துநோய். ரத்தத்தோட ஈரலுக்குப் போயும் பொறந்த எடத்துச் சாயல விடல."

வெளியே வந்து இறந்தவரின் மனைவியிடம், "உங்க மருந்தால இல்லம்மா. வயித்துக்குப் பின்னால, முதுகுப் பக்கம் ஆரம்பிச்சு ஈரலுக்குப் போயிருக்கு" என்றேன்.

"அப்ப அந்த முதுகுவலி? பால் வாளி தூக்குறதாலன்னு தைலம்ல தேச்சு விட்டேன்."

இன்றும் முதுகுவலி என்று யார் சொன்னாலும், எந்த இடம் என்று கேட்டுவிடுகிறேன்.